பெயர் கேட்காத வரிசை

வெரிபீ ரயில் நிலையத்துக்கு வெளியே இங்குள்ள தமிழ்க் கோயில்காரர்கள் இலவசமாகச் சாம்பார் சாதம் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். குளிர்காற்று காகிதத் தட்டுகளைப் பிடுங்கப் பார்க்கிறது. மதுரையிலிருந்து இந்த நாட்டுக்குக் குடிவந்தவள் நான், ரயிலுக்கு அரை மணி நேரம் இருக்க, வாசனையைத் தாண்டிப் போக மனமில்லாமல் வரிசையில் நிற்கிறேன்.

எனக்கு முன்னால் உயரமான ஒரு வெள்ளைக்காரர். தன் முறை வந்ததும் தட்டை வாங்காமல் டிரைவிங் லைசென்ஸை நீட்டுகிறார். கரண்டியோடு நிற்கும் யாழ்ப்பாணத்து ரவி, அதெல்லாம் வேண்டாம் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொல்கிறார். வெள்ளைக்காரர் தட்டைத் தொடாமல் கேட்கிறார்.

"இது எந்த அரசாங்கத்தின் ஏற்பாடு?"

நான் ஆவலை அடக்க முடியாமல் எந்த ஊர் என்று கேட்கிறேன். அமெரிக்கா, ஒஹாயோ. இப்போது இங்கே மகள் வீட்டில் இருக்கிறாராம்.

"எங்கள் ஆலையை மூடியபோது அதிகாரிகள் வந்தார்கள். பெயர், முகவரி எல்லாம் எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. இலவசம் என்றாலே எனக்குப் பயம்."

ரவி என் பக்கம் திரும்புகிறார். "அக்கா, நானும் படகில வந்து இங்கத்தை அதிகாரிகளிட்ட பேர் குடுத்தனான். பன்னிரண்டு வருசமா விசாவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறன். அன்னதானத்தில நாங்கள் பேர் கேக்கிறேல்லை எண்டு சொல்லுங்கோ."

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்கிறேன். அவர் ரவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு லைசென்ஸைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்குகிறார். நின்றபடியே சாப்பிட்டு, இன்னொரு முறையும் வாங்கிச் சாப்பிடுகிறார்.

கிளம்பும்போது ரவியிடம் வந்து கையை நீட்டுகிறார்.

"என் பெயர் ஜிம்."