சாய்ஸில் விட்ட நுண்கணிதம்

பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதத்தை நான் மொத்தமாகச் சாய்ஸில் விட்டேன். மற்ற பாடங்களை உருப்போட்டாலே தேறிவிடலாம் என்று நினைத்தேன், தேறியும் விட்டேன். மதுரைக் கல்லூரி ஒன்றில் கணிதப் பிரிவில் இடமும் கிடைத்தது. சேர்க்கைக் கடிதத்தின் அடியில் ஒரு வரி: முதல் வாரம் நுண்கணிதத்தில் தேர்வு, தேறாதவர்கள் வேறு பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். கையில் இருந்தது பதினைந்து நாள்.

எங்கள் ஊர் ராமேஸ்வரத்தில் எனக்குத் தெரிந்து அந்தப் பாடத்தை ஒரு வரி விடாமல் படித்தவள் என் வகுப்புத் தோழி ஒருத்திதான். அவளுக்கும் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் மீன்பிடிக்கப் போன அவள் அப்பா எல்லை தாண்டியதாகப் படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்தார். அவள் கோயில் பக்கத்து லாட்ஜில் சாவி கொடுக்கும் வேலைக்குப் போய்விட்டாள். வெட்கத்தோடுதான் அவள் முன்னால் போய் நின்றேன்.

"இதையா சாய்ஸ்ல விட்ட? உன்னயெல்லாம் கடல்ல முக்கி எடுக்கணும்டி. நாளைக்கு இங்கன வா," என்றாள்.

சூத்திரங்கள் இரண்டே நாளில் மனப்பாடம், பொருள்தான் பிடிபடவில்லை. ஆடி அமாவாசை வந்தது. கடலில் குளித்துவிட்டு வந்த கூட்டம் அத்தனையும் லாட்ஜ் அறைகளில் குழாயைத் திறந்தது. அவள் என்னை மொட்டைமாடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினாள்.

"காலையில இருந்து எவ்வளவு போச்சுன்னு கேக்கல. இப்ப, இந்த நொடியில, என்ன வேகத்துல இறங்குது? அது தெரிஞ்சாத்தான் எப்ப மோட்டர் போடணும்னு எனக்குத் தெரியும். அதுதாண்டி வகையிடல்."

புரிந்துவிட்டது. புரிந்த சந்தோஷத்தில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். கீழே நாலைந்து அறைகளிலிருந்து "தண்ணி வரல" என்று கத்தினார்கள். மோட்டர் போட இருவருமே மறந்திருந்தோம். இன்றும் எந்த ஊரிலாவது தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டால், அந்த மாடியும் அவள் ஓடிய ஓட்டமும்தான் ஞாபகம் வருகின்றன.

தேர்வில் தேறினேன். திருத்திய தாள் கைக்கு வந்ததும் அவளுக்குத்தான் முதலில் போன் செய்தேன். பாராட்டவெல்லாம் இல்லை. "கேள்விய வாசிடி," என்றாள். ஒவ்வொன்றாக வாசித்தேன்; மனக்கணக்காகவே விடை சொன்னாள். கடைசிக் கேள்விக்கு மட்டும், "இரு, ரூம் சாவி குடுத்துட்டு வாரேன்" என்று போய்வந்து சொன்னாள். "சரிதானே?"

"சரிதான்டி."

"அப்ப நானும் பாஸ்," என்று சிரித்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கடைசிக் கணக்கை நான் தப்பாகப் போட்டிருந்தேன். ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்த விடையைப் பார்த்துத்தான் சரி என்றேன். அதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.