சித்தப்பாவின் கைராசி

எங்கள் சித்தப்பாவுக்குக் கைராசி உண்டு என்று முதலில் கண்டுபிடித்தது அப்பா. பரளச்சிக்குத் தெற்கே எங்களுக்கு இருந்தது வானம் பார்த்த கரிசல் காடு. ஒரு வருஷம் அப்பா காய்ச்சலில் படுத்துவிட, அவருடைய தம்பி, அப்போது பள்ளிக்கூடப் பையன், முதல் கை விதையைப் போட்டார். அந்த வருஷம் உளுந்து செடி தாங்காமல் காய்த்தது. அதிலிருந்து ஐப்பசி விதைப்பில் முதல் விதை அவர் கையால்தான். பக்கத்துக் காட்டுக்காரர்கள்கூட, "ஒங்க தம்பிய ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று கேட்டு வருவார்கள்.

அவர் அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்க் கல்லூரியில் படித்தபோது கால்பந்து அணியும் அந்தக் கையைக் கண்டுகொண்டது. கோல்கீப்பராக நிறுத்திவிட்டார்கள். வருஷா வருஷம் முதல் ஆட்டத்திலேயே தோற்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடும் அணி அது. அந்த வருஷம் என்னவோ ஜெயிக்க ஆரம்பித்தது. அரையிறுதி சமனாகி, பெனால்டி வரைக்கும் போய், சித்தப்பா பாய்ந்து பிடித்த பந்தில் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, மதுரையில். அவர் பந்தைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்த வீடியோவை அம்மாவின் செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, உலகத்தில் அவரைவிடப் பெரிய ஆள் கிடையாது.

ஆனால் அவர் ஜெயிக்க ஜெயிக்க இளைத்துக்கொண்டே போனார். தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும். டம்ளரைப் பிடித்தால் காப்பி தளும்பும். விடிந்ததும் வாசலில் நின்று மேகம் இருக்கிறதா என்று கிழக்கே பார்ப்பார். காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். மழை பெய்து கரிசல் பதத்துக்கு வந்தால் அன்றைக்கே விதைத்தாக வேண்டும், ஈரம் யாருக்காகவும் காத்திருக்காது. அந்தப் பதம் ஞாயிற்றுக்கிழமை வந்து தொலைத்தால் அவர் மதுரைக்கு எப்படிப் போவார்? ஊரே மழைக்கு ஏங்கிக் கிடக்க, நான் மட்டும் தினமும் அய்யனார் கோயிலுக்குப் போய், மழையைத் திங்கட்கிழமைக்கு மேல் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். நடுவில் அப்பாவின் முகம் ஞாபகம் வரும். அவர் பாவம் என்று சாமியிடம் அதையும் சொல்லிவைப்பேன்.

அய்யனார் பெரியவர்கள் பேச்சைத்தான் கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காட்டு மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்த அப்பா, "நாளைக்குப் பதம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. மதுரைப் பக்கமோ ஒரு தூறல்கூட இல்லையாம்.

அணித் தலைவர் சேறு அப்பிய பைக்கில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, நீ கோலுல நின்னாப் போதும். அதப் பாத்தே அவிங்க பயந்துருவாங்க."

"நாளைக்கு வெதப்புடா" என்றார் சித்தப்பா.

அப்போதுதான் அப்பா யாரும் எதிர்பாராததைச் சொன்னார்.

"ஏலே, நீ போயிட்டு வா. வெதைய நான் போட்டுக்கிறேன். காடு எங்க ஓடிறப் போகுது?"

எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அம்மா அதற்குள் சித்தப்பாவின் ஆட்டச் சட்டையை எடுத்துவைக்கப் போய்விட்டாள். அவர் மட்டும் முகம் வெளுத்து நின்றார்.

"இல்லண்ணே. மொத வெத என் கையால விழலைன்னா சரிப்படாது. நான் போகல."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி குடும்பத்துக்காக எவ்வளவு பெரிய கப்பை விட்டுக்கொடுத்துவிட்டான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அன்றைக்குச் சித்தப்பா இன்னொரு தட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிழக்கே பார்த்து நின்று முதல் கை விதையை வீச, டிராக்டர் காட்டுக்குள் இறங்கியது. அவர் கையில் துளி நடுக்கமில்லை. சாயங்காலம், மிச்ச விதையை நாங்கள் இரண்டு பேரும் அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பெனால்டியில் தோற்றுவிட்டார்களாம். "நீ நின்னிருந்தா கப்பு நம்மளுக்குத்தான் மாப்ள" என்று தலைவர் சொன்னது எனக்கே கேட்டது. அருப்புக்கோட்டையில் அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

"எதுக்குத்தா அழுகுற?"

"மழை வரக் கூடாதுன்னு ஒங்களுக்காகத் தெனமும் வேண்டுனேன் சித்தப்பா. சாமி கேக்கல."

அவர் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். அப்பா தூரத்தில் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நான் மழை வரணும்னுல்ல தெனமும் வேண்டிக்கிட்டுக் கெடந்தேன். யார்ட்டயும் சொல்லிறாத, என்ன?"

காட்டின் மேல் அவருக்குத்தான் எவ்வளவு பாசம் என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது. இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுதான் புரியவில்லை.