கணுக்கால் நடுவே நாலு விரல்

என் மகளுக்கு ஐந்து வயது. நடக்கையில் முழங்கால் முட்டுகள் ஒன்றையொன்று உரசுகின்றன. நேராக நிற்கவைத்தால் கணுக்கால்கள் சேர்வதில்லை. உயரம், இடுப்பு, கால் நீளம் எல்லாம் அளந்து பார்த்த நெய்யாற்றின்கரை டாக்டர், தொடைக்குப் பலம் வந்து, வளர வளரப் பெரும்பாலும் நேராகிவிடும், பயப்பட வேண்டாம் என்றார். பயப்படாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. அவள் தூங்கும்போதும் அளந்து பார்க்கிறேன்.

எனக்கும் அந்த வயதில் அப்படித்தான். பாறசாலைப் பக்கத்து எங்கள் ஊரில், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் நடந்த காலம் அது. கொடி பிடித்துப் போன அப்பா வீட்டுக்கு வருவதில்லை. அவரைத் தேடிப் போலீஸ் வந்துபோனது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் அம்மா என்னைச் சுவரோடு நிறுத்தி, கணுக்கால்களுக்கு நடுவே விரல் வைத்து அளப்பாள். நாலு விரல். வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான் என் தொடையை அமுக்கிப் பார்த்தார்.

"சதையே இல்ல கேட்டியா, பின்ன முட்டு எப்பிடி நேரா நிக்கும்? சித்திரைக்குள்ள சரியாகல்லேன்னா மூங்கில் வச்சுக் கெட்டணுமாக்கும்."

எனக்கு மூங்கில் பயம். அம்மா சொன்னபடி குத்தவைத்துக் குத்தவைத்து எழுந்தேன். சாயங்காலமானால், மரச்சீனிக்கிழங்குச் செடிகள் ஆள் மறைய நின்ற விளைக்குள் புகுந்து சித்தி வீடுவரை ஓடினேன்.

"ரோட்டுல போகாண்டாம். விளை வழியா ஓடு மக்கா. திரும்பிப் பாக்கப்பிடாது" என்பாள் அம்மா.

"ஏங்க்கா, இவள ஓட்டப் பந்தயத்துக்கா விடப்போற? வாத்து ஓடுகது மாதிரில்லா இருக்கு!" என்று சித்தி சிரிப்பாள். அம்மா சிரித்ததில்லை.

ஒரு சாயங்காலம் போலீஸ் லாரி எங்கள் வீட்டு முன்னால் நின்றது. "ஓடு" என்றாள் அம்மா. ஓடினேன். முட்டுகள் இடித்தன. விழுந்தேன், எழுந்தேன். பின்னால் பானைகள் உடையும் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்கு வைத்தபின் அம்மா சித்தி வீட்டுக்கு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. தரையில் உட்கார்ந்து, என் தொடைகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் முட்டுகளைச் சேர்த்து நேராக நின்றேன்.

"அளந்து பாரும்மா."

அவள் விரல் வைக்கவில்லை. அழுகைதான் கூடியது. கால் முன்னிலும் விலகிவிட்டது போலும், இனி மூங்கில்தான் என்று நானும் அழத் தொடங்கினேன்.