கொப்பரையில் ஒரு பாய்மரக் கிளப்

மகள் சேர்ந்திருக்கும் பாய்மரப் படகுக் கிளப்பின் வரலாற்றைச் சிறு புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். அவள் இருக்கும் துறைமுக ஊரில் அதை யார் தொடங்கியது, எந்தப் புயலில் எத்தனை படகு போயிற்று என்று எல்லாம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கரையில் உட்கார்ந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் படகு கவிழ்ந்தது. இரண்டே நிமிடத்தில் நிமிர்த்தி ஏறிவிட்டாள். எனக்குக் கையை வேறு ஆட்டினாள். நான் திருப்பதிக்குத் திரும்பி நாலு நாளாயிற்று. தினம் இரண்டு முறை அவளுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்திலும் ஒரு கிளப் இருந்தது. அதன் மொத்த வரலாறும் ஒரு மத்தியானம்தான்.

கடைசி மாமா சென்னைத் துறைமுகத்தில் இப்படி ஒரு கிளப்பில் படகு கழுவும் வேலையில் இருந்தார். பொங்கலுக்கு, நாராயணவனத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு வந்தவர், ஏரி நிரம்பிக் கிடப்பதைப் பார்த்ததும் கிளப்பைத் தொடங்கிவிட்டார். தலைவருக்குக் கமடோர் என்று பெயராம்; அது அவரே. உறுப்பினர், ஒன்பது வயதான நான். படகு, கரையில் கழுவப் போட்டிருந்த வெல்லம் காய்ச்சும் இரும்புக் கொப்பரை. பாய், அன்று காலையில் தறியிலிருந்து இறங்கிய வேட்டி.

கொப்பரையில் ஏரியைத் தாண்டுவது எங்கள் ஊரில் புதிதல்ல. மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். மாமா அந்தக் கழியில் வேட்டியைக் கட்டி நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். காற்று நன்றாகவே அடித்தது. நடு ஏரிக்குப் போனதும் கொப்பரை சுற்ற ஆரம்பித்தது.

“மாமா, இது எந்தப் பக்கம் போவுது?”

“எல்லாப் பக்கமும் போவுது பாப்பா. ஆடாம குந்து.”

வட்டமான படகுக்கு மூக்கு எது, வால் எது என்பதைக் கமடோர் யோசித்திருக்கவில்லை. இருந்த ஒரே கழியையும் பாய்மரமாக்கியாயிற்று. அவிழ்த்து ஊன்றிப் பார்த்தால், ஏரி நிரம்பியிருந்ததில் கழிக்குத் தரை எட்டவில்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

“ஏமய்யா கமடோரு, சாமியே இல்லாம தெப்பம் உட்டுக்கினு கீறயா?”

அதற்குள் கரும்புத் தோட்டத்திலிருந்து என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் நைனா, ஓடி வந்தார்.

“டேய் மச்சான், கொழந்தைய எறக்குடா!”

“நடு ஏரியில எங்க எறக்கறது மாமா?” என்று நைனாவைப் பார்த்துக் கத்தினார் கமடோர்.

கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நைனா ஒருமுறை கண்ணில் பட்டார். முதல் சுற்றில் கரையில் இருந்தார். அடுத்த சுற்றில் முழங்கால் தண்ணீரில். அதற்கடுத்த சுற்றில் சட்டையும் கைக்கடிகாரமுமாக நெஞ்சளவு தண்ணீரில். பிறகு பார்த்தபோது தலை மட்டும் தெரிந்தது, அதுவும் சரியாகத் தெரியவில்லை.

எங்களை யாரும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. காற்றே கொப்பரையை எதிர்க்கரைக் கோரைப்புல்லில் கொண்டுபோய்ச் செருகிவிட்டது. துணி துவைத்த இரண்டு பேர் குதித்துப்போய் இழுத்து வர வேண்டியிருந்தது நைனாவைத்தான். இருமி இருமித் தண்ணீரைத் துப்பியவர், ஏரியைச் சுற்றி நடந்து வந்து என் கையைப் பிடித்தார். வலித்தது. வீடு வரை விடவில்லை. மாமா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடிகாரம் கெட்டுப்போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு எத்தனையோ வருடம், வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை நான்தான் நடித்துக் காட்டுவேன். எங்களைக் காப்பாற்றப் போய்த் தானே முழுகிய நைனாவாக நான் கையைக் காலை உதறும்போது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். நைனா ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து வெளியே போய்விடுவார்.

அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் அவ்வளவு சிரித்தேன்.