மன்னிப்புக் கேட்ட வகுப்பு

பகடிவதைப் புகாரை எப்படி விசாரிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓய்வு பெறும்வரை கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தவன். எந்தப் பாரத்தில் யார் கையெழுத்திட வேண்டும், எந்தக் கூட்டத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்திலும் வரும். அதனால்தான் என் அக்கா மகள் என்னைத் தேடி வந்தாள்.

அவளுடைய மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று படிக்கிறாள். இனிப் பள்ளிக்கே போகமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாளாம். வகுப்பே அவளை 'மரம் வெட்டி' என்று கூப்பிடுகிறதாம். ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதைத் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்பார்கள்.

ஈப்போவுக்கு வெளியே பழைய ரப்பர் தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. தாய்க்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. பிள்ளை பால்மரத்தைப் பாடநூலில்தான் பார்த்திருக்கிறாள்.

பேர் வைத்தது மாணவர்கள் அல்லர். மழைக்காலையில் பள்ளி பஸ் தாமதமாகி, சேறு படிந்த சப்பாத்தோடு தமிழ் வகுப்புக்குள் நுழைந்திருக்கிறாள். ஆசிரியை வேடிக்கையாகப் பேசுகிறவர். "என்னம்மா, மரம் வெட்டிட்டு நேரா வாரியா?" என்றார். வகுப்பு சிரித்தது. ஆசிரியையே தொடங்கி வைத்த சிரிப்பை யார் நிறுத்துவது?

மறுநாள் பையன்கள் மூக்கைப் பிடித்தார்கள். "டேய், தள்ளி உக்காரு லா, பால் நாறுது." யாரோ அவள் பென்சில் பெட்டியில் வெள்ளைப் பசையை ஊற்றினார்கள். "பால் எடுத்தாச்சா அக்கா?"

புகார் எழுதிக் கொடுத்தோம். கூட்டம் நடந்தது. ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்: "நானும் தோட்டத்துப் பிள்ளதான் சார். தமாஷுக்குச் சொன்னது." யாரும் மறுக்கவில்லை. பகடிவதை என்பது மாணவர் மாணவருக்குச் செய்வது. புகார்ப் பாரத்தில் ஆசிரியருக்குக் கட்டம் இல்லை.

கேலி செய்தவர்கள் வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டுக் கைகுலுக்க வேண்டும், அதைப் படமெடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்று முடிவானது. முறையான முடிவு. அது நடந்ததும் தமிழ் வகுப்பில்தான். பிள்ளையைச் சமாதானப்படுத்தி உள்ளே அனுப்பிவிட்டு, நானும் தாயும் நடைபாதையில் நின்று ஜன்னல் வழியே பார்த்தோம்.

"வாங்க வாங்க, வரிசையா வந்து தோட்டத்து மகாராணிகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றார் ஆசிரியை.

அதே சிரிப்பு. ஒரு பையன் இடுப்பை வளைத்துக் கும்பிட்டான். "மன்னிச்சிடுங்க மகாராணி." ஆலோசக ஆசிரியர் கைப்பேசியை உயர்த்தி, "கொஞ்சம் சிரிம்மா" என்றார். பிள்ளை சிரித்தாள். நீட்டிய கைகளையெல்லாம் குலுக்கினாள். அன்றே கோப்பு மூடப்பட்டது.

திரும்பும் வழியில், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் வழிமுறை இருக்கிறது என்றேன்.

"வேணாம் மாமா" என்றாள் அக்கா மகள். "அங்கேயும் படம் எடுப்பாங்க."

மறுநாளிலிருந்து பிள்ளை மறுபடியும் பள்ளிக்குப் போகவில்லை. பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதங்கள் முறைப்படி வந்துகொண்டிருக்கின்றன. நான் பார்க்கப் போனபோது, ஈப்போ புந்தோங்கில் அவளுடைய பெரியம்மாவின் சாப்பாட்டுக் கடையில், பள்ளி நடக்கும் நேரத்தில், மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். வேறு பள்ளிக்கு மாற்றிவிடட்டுமா, அதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றேன்.

"தே தண்ணி போடவா தாத்தா?" என்றாள்.