தண்டல் ஏறாத தோணி

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியின் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். பர்னபாஸ் தண்டல் கடைசி ஆளாக ஏறி, நெற்றியில் சிலுவை போட்ட பிறகுதான் அவருடைய தோணியில் பாய் விரியும். பல வருடம் இப்படியே ஓடிவிட்டதால், உலகமே தான் ஏறுவதற்காகக் காத்திருக்கிறது என்று மனிதர் நம்பிவிட்டார்.

1972-ஆம் வருடம் மகள் பிளாரன்ஸின் கல்யாணத்துக்கு வீட்டை அடமானம் வைத்தார். வட்டி நின்றது. கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டுச் சேவகரான அமீனா சம்மனோடு முன்வாசலில் நின்றபோது தண்டல் பின்வாசல் வழியாகத் தோணிக்குப் போய்விட்டார்.

"நான் போய் நிக்காம கேசு எப்பிடிளா நடக்கும்?" என்று பிறகு மனைவி மெட்டில்டாவிடம் பெருமையாகக் கேட்டார். அடுத்த முறையும் அதே பின்வாசல்தான். அமீனா சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

கொழும்பில் சரக்குக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்துவிட்டுத் திரும்பினால், தீர்ப்பு எப்போதோ வந்திருந்தது. தன்னை ஒரு வார்த்தை கேட்காமலே முடித்துவிட்டார்களே என்ற ரோசம்தான் அவருக்கு முதலில் வந்தது. பயம் அப்புறம் வந்தது.

"வீடு போச்சு. சட்டி பானையக் கட்டுளா."

"கட்டுதேன். அதுக்கு முன்ன வக்கீலப் பாத்துட்டு வாங்க. இந்த ஒரு தடவையாவது முன்வாசல் வழியாப் போங்க."

வக்கீல் சங்கரலிங்கம் காகிதங்களைப் புரட்டினார். "நீங்க வரலன்னாலும் கேசு நடக்கும், அண்ணாச்சி. ஆனா இது முதல் தீர்ப்புதான். அசலு, வட்டி, கோர்ட்டுச் செலவு எல்லாத்தையும் கெடுவுக்குள்ள கட்டிட்டா வீடு உங்களுக்கே. கட்டலன்னாத்தான் இறுதித் தீர்ப்பு, பொறவு ஏலம்."

"சம்மன் எனக்குத் தெரியாதுன்னு மனு போட்டா?"

"கதவுல ஒட்டுனதத் தெருவே பாத்திருக்கு. நீங்க பின்வாசல்ல ஓடுனதையுந்தான்."

ஆறு மாதக் கெடுவில் மிச்சமிருந்தது இரண்டு வாரம். மற்றதையெல்லாம் தண்டல் கடலில் கழித்திருந்தார். விற்பதற்கென்று அவரிடம் இருந்தது தோணியில் பாதிப் பங்குதான். அதை மைத்துனன் மரியானுக்கு எழுதிக்கொடுத்தார். பங்கோடு தண்டல் பதவியும் மரியானுக்குப் போயிற்று.

கெடு முடியும் நாளன்று முதல் ஆளாகக் கோர்ட்டு வாசலில் போய் நின்றார். அங்கே அவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பணத்தைக் கட்டி ரசீது வாங்கி வெளியே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வழியில் கடற்கரைக்குப் போனார். தோணி பாய் விரித்துத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று அழுதார். பிறகு, இத்தனை வருடம் தான் ஏறிய பிறகு கிளம்பிய அதே தோணிதானா இது என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது.

வீட்டு முன்வாசலில் மெட்டில்டா நின்றாள். ரசீதை அவள் கையில் கொடுத்தார்.

"நான் இல்லாம கோர்ட்டும் நடந்துட்டு, தோணியும் போயிட்டு. எனக்காவக் காத்துக் கெடக்க ஒண்ணுமில்லளா."

"சோறு கெடக்கு. வாங்க," என்றாள்.

அவளும் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை.