ஃப்ரிட்ஜில் ஒட்டிய ஸ்டிக்கர்

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் முப்பது வருடமாகத் திராட்சை பறிக்கும் எவுசேபியோவின் கிரீன் கார்டு அடுத்த மாதம் காலாவதியாகிறது.

"இன்னும் எத்தனை தடவைப்பா புதுப்பிப்பே? குடியுரிமைக்கே போட்டுடலாம்" என்று மகள் மரிசேலா விண்ணப்பத்தை வாசித்தாள். "அமெரிக்கத் தேர்தல்ல எப்பவாவது ஓட்டுப் போட்டிருக்கீங்களா?"

எவுசேபியோ கையிலிருந்த பழைய கார்டை மேசையில் வைத்தார். குடிமக்கள்தான் போடலாம், மற்றவர் போட்டால் நாடுகடத்திவிடுவார்களென்று அன்றைக்கு எவன் சொன்னான்? லைசென்ஸ் வாங்கப்போன இடத்தில் நீட்டிய தாளிலெல்லாம், வாக்காளர் பதிவுத் தாள் உட்பட, கையெழுத்துப் போட்டார். பள்ளிக்குழுத் தேர்தலுக்கு வீட்டுக்கே சீட்டு வந்தது. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய் ஓட்டுப் போட்டார்.

"கார்டையே புதுப்பிச்சிடும்மா."

"ஏன்ப்பா, கேள்விக்கெல்லாமா பயப்படுவே?"

அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அன்றைக்கு ஓட்டுச்சாவடியில் கொடுத்த 'நான் வாக்களித்தேன்' ஸ்டிக்கர், எட்டு வயதில் அவளே பெருமையாக ஒட்டியது, இன்னும் இருந்தது.

மரிசேலாவும் பார்த்தாள். எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நகத்தால் அதைச் சுரண்ட ஆரம்பித்தாள்.